‘நாடகம்’ என்ற வரியை அடித்துவிடாதீர்கள்

அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு எண் போட்டுக்கொண்டிருக்கும் நிதித் துறை அதிகாரிகளுக்கும், கலை பண்பாட்டுத் துறையைக் கவனிப்பவர்களுக்கும், ராமநாதபுரம், திருவாடானை, முதுகுளத்தூர், பரமக்குடி சட்டமன்ற உறுப்பினர்கள் நால்வருக்கும், எங்கள் மக்களவை உறுப்பினருக்கும்,

வணக்கம்.

நான் திருப்பாலைக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரன். மீன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அது பகல் வேலை. ஊர்த் திருவிழாக் கணக்கும் இருபத்திரண்டு வருடமாக என் கையில்தான் இருக்கிறது. அட்டை போட்ட நீள நோட்டு. இடது பக்கம் வரவு: தலைக்கட்டு வரி, படகுக்கு இவ்வளவு என்று வைத்த வரி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பியது. வலது பக்கம் செலவு: பந்தல், மைக் செட், பூ, அன்னதானம், வாணம், நாடகம்.

முதல் நோட்டுகளில் ‘நாடகம்’ என்ற வரி இரண்டு தடவை வரும். எட்டாம் திருநாள் வள்ளி திருமணம், பத்தாம் திருநாள் அரிச்சந்திரா. சில வருடம் கழித்து அது ஒன்றாகிவிட்டது. கொரோனா வந்த இரண்டு வருடமும் திருவிழாவே இல்லை. போன வருடம் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, “மீன்பாடு சரியில்ல, இந்த வருசம் நாடகத்த விட்ருவோம்யா” என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தது நான்தான். அந்தக் கோடு என்னை இன்னும் உறுத்துகிறது. அதே மாதிரி ஒரு நோட்டு உங்கள் முன்னாலும் இருக்கிறது, அதே மாதிரி ஒரு பேனாவும் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பணம் இறுகும்போது முதலில் கை வைக்கப்படுவது கலைக்கான பணத்தில்தான். காரணம் எல்லோருக்கும் தெரியும். ரேஷன் அரிசி வரவில்லை என்றால் மறியல் நடக்கும். டீசல் மானியம் குறைந்தால் படகு கடலுக்குப் போகாது, ராமேஸ்வரத்தில் வேலைநிறுத்தம் என்று மறுநாள் செய்தி வரும். தவில் சொல்லிக்கொடுக்க வாத்தியார் இல்லை என்று எங்காவது சாலை மறியல் நடந்து பார்த்திருக்கிறோமா? சத்தம் வராத இடத்தில் வெட்டுவது சுலபம். ஆனால் சத்தம் வரவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது.

கணக்குப் பார்ப்பது என் தொழில் என்பதால் பட்ஜெட் புத்தகத்தைக் கொஞ்சம் வாசிக்கத் தெரியும். வெட்டு என்பது ‘வெட்டு’ என்ற பெயரில் வருவதில்லை. பட்ஜெட் மதிப்பீடு என்று ஒரு எண் இருக்கும், அடுத்த வருடம் அதற்குப் பக்கத்திலேயே திருத்திய மதிப்பீடு என்று சிறிய எண் ஒன்று உட்கார்ந்திருக்கும், அதற்கும் அடுத்த வருடம் உண்மையில் செலவானது என்று அதைவிடச் சிறியது வரும். அறிவிப்பு நாளன்று கைதட்டல் வாங்கியது முதல் எண். கலைஞன் கைக்கு வந்து சேர்வது மூன்றாவது எண். இன்னொரு வழி, எண்ணைத் தொடாமலே வெட்டுவது. ஐந்து வருடத்துக்கு முன்னால் கொடுத்த அதே தொகையை இன்றைக்கும் கொடுத்தால் புத்தகத்தில் எதுவும் குறையவில்லை. அரிசி விலையும் வேன் வாடகையும் ஏறியிருக்கின்றன, அவ்வளவுதான். மூன்றாவது வழி, ஓய்வுபெற்றவர் இடத்தை நிரப்பாமல் விடுவது. நான்காவது, பணத்தை மார்ச் மாதக் கடைசியில் விடுவித்து, செலவழிக்க நேரமில்லாமல் திரும்பப் போக வைப்பது. மீன் கம்பெனியில் நான் இப்படிக் கணக்கு எழுதினால் முதலாளி ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

மொத்தத் தொகை எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம். 2025-26 ஒன்றிய பட்ஜெட் ஏறத்தாழ 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி ரூபாய். பண்பாட்டு அமைச்சகத்துக்கு அதில் ஒதுக்கியது சுமார் 3,361 கோடி. நூறு ரூபாய்க்கு ஏழு பைசாகூட வரவில்லை. அந்த ஏழு பைசாவுக்குள்தான் தொல்லியல் துறையும், அருங்காட்சியகங்களும், நூலகங்களும், அகாதெமிகளும் அடக்கம். அதெல்லாம் போக மிச்சத்தில்தான் ஒரு ஒயிலாட்டக் குழு தன் பங்கைத் தேட வேண்டும். இதில் மிச்சம் பிடித்து எந்தக் கடனை அடைக்கப் போகிறோம்?

இனி என் அப்பாவைப் பற்றி. அவர் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். எங்கள் பக்கத்தில் ‘பெட்டிக்காரர்’ என்பார்கள். பங்குனியில் கிளம்பினால் ஆவணி வரை ராத்திரி எல்லாம் மேடை, பகல் எல்லாம் பஸ்ஸிலும் வேனிலும் தூக்கம். ராஜபார்ட், ஸ்திரீ பார்ட், நாரதர், பபூன் என்று நடிகர்கள் பெயர் நோட்டீசில் பெரிய எழுத்தில் இருக்கும். கடைசி வரியில், பிரஸ் பெயருக்கு மேலே, பொடி எழுத்தில் ‘ஆர்மோனியம்’ என்று போட்டு அப்பா பெயர். பத்து மணிக்கு மேடையேறினால் விடிய விடிய வாசிப்பு. நடிகருக்குக் குரல் கட்டினால் சுதியை அரைக் கட்டை இறக்கி, கூட்டத்துக்குத் தெரியாமல் அவரைத் தூக்கி நிறுத்துவது அவருடைய வேலை. மழைக்காலத்தில் வருமானம் கிடையாது. வீட்டில் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். கடல் காற்றுக்குப் பித்தளை ரீடில் பச்சை பூத்துவிடும். அம்மாவின் பழைய சேலைக் கிழிசலால் ஒவ்வொரு ரீடாகத் துடைப்பார், ஊதிப் பார்ப்பார், மறுபடி துடைப்பார். ‘ப’ மட்டும் எப்போதும் கொஞ்சம் இழுக்கும். “உப்புக் காத்துல பொறந்த பெட்டி, அப்படித்தான் பேசும்” என்பார்.

வயதான பிறகு, நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டோம். ஒரு அலுவலகத்தில், “நீங்க கலைஞர்ங்கிறதுக்கு என்ன சான்று?” என்று கேட்டார்கள். நாற்பது வருடம் வாசித்தவரிடம் ஒரு போட்டோ கிடையாது, ஒரு சான்றிதழ் கிடையாது. டிரங்குப் பெட்டி அடியிலிருந்து மஞ்சளாகிப்போன நாடக நோட்டீஸ்களைத் தேடி எடுத்தோம். மடிப்பில் கிழிந்தவற்றைப் பசை போட்டு ஒட்டினோம். பொடி எழுத்தில் இருந்த அவர் பெயருக்குக் கீழே நான் பென்சிலால் கோடு போட்டேன். ஒன்றரை வருடம் நடந்தோம். உதவித்தொகை வந்தது, மாதம் 3,000 ரூபாய். முதல் மாதப் பணம் மருந்துக்குப் போகும் என்று நினைத்தேன். அவர் மதுரைக்கு ஆள் விட்டு நாலு ரீடு வாங்கி வரச் சொன்னார். தெருப் பிள்ளைகள் இரண்டு பேரைத் திண்ணையில் உட்காரவைத்து ச-ப-ச சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் பதினோரு மாதம்தான் இருந்தார். அந்தப் பதினோரு மாதமும் எங்கள் திண்ணையில் பாட்டு இருந்தது.

இதைச் சொல்வது இரக்கத்துக்காக இல்லை. 3,000 ரூபாய் என்றால் நாளைக்கு நூறு ரூபாய். அந்த நூறு ரூபாய், கிழவர் ஒருவரைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியதோடு நிற்கவில்லை. கூலி வேலைக்குப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்து அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது. கலைக்கு அரசு கொடுக்கும் பணத்தின் வேலையே இந்த நேரத்தை வாங்குவதுதான். ஆடுகிற நாளுக்கு ஊர் கூலி கொடுத்துவிடும். ஆடாத நாளில் பழகுவதற்கும் பழக்குவதற்கும் கொடுக்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் இந்தச் சீமையில் எப்போதும் இருந்திருக்கிறார். சேதுபதிகள் சமஸ்தானத்தில் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் வித்துவானாக இருந்தார். அவரிடம் படித்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். இன்றைக்கு மேடைகளில் கேட்கிற கச்சேரி முறையை அமைத்துக் கொடுத்தவர் என்று சங்கீத உலகம் அவரைத்தான் சொல்கிறது. மிருதங்கத்தில் பழனி சுப்பிரமணிய பிள்ளை, பாலக்காடு மணி ஐயர் பெயர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் முருகபூபதி ராமநாதபுரத்துக்காரர். ராமலிங்க விலாசத்துச் சுவர்களில் முந்நூறு வருடத்துக்கு முன்னால் தீட்டிய ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. சாயம் குழைத்தவனுக்கு அரண்மனைச் சோறு போட்டது.

கீழக்கரையில் இன்னொரு கதை. சீதக்காதி வள்ளல் கடல் வாணிபம் செய்தவர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவு கொடுத்தவர் அவர். காப்பியம் முடியும் முன்பே அவர் காலமாகிவிட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரக்காயர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார் என்பார்கள். 5,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட நூல் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். பரிசு கேட்டு வந்த புலவர், வள்ளல் இறந்துவிட்டார் என்று கேட்டு அடக்கத்தலத்தில் நின்று அழுதபோது மண்ணுக்குள்ளிருந்து மோதிரக் கை நீண்டது என்பது கதை. கதையை விடுங்கள். கொடுத்தவர் போனதும் அடுத்தவர் வந்து நின்றார் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை பாதியில் நிற்கவில்லை.

ஜமீன்கள் 1948-ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அரசாங்கத்துக்கு வந்தன. ராமநாதபுரம் ஜமீனும் அதில் ஒன்று. அது நல்ல சட்டம். குடியானவன் கழுத்தில் இருந்த சுமை இறங்கியது. ஆனால் ஒரு சொத்து கைமாறினால் அதன் வரவு மட்டும் மாறாது, பற்றும் சேர்ந்தே மாறும். இது கணக்கில் அரிச்சுவடிப் பாடம். நிலத்தையும் தீர்வையையும் எடுத்துக்கொண்ட அரசு, அந்த நிலத்தில் விளைந்த காசிலிருந்து வித்துவானுக்குப் போன பங்கையும் தன் பெயரில் எழுதிக்கொண்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அப்போது ஆட்சியில் இருந்தவர்களும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள் போலிருக்கிறது. சுதந்திரம் வந்து பத்து வருடம் முடிவதற்குள் தில்லியில் சங்கீத நாடக அகாதெமி, சாகித்திய அகாதெமி, லலித் கலா அகாதெமி மூன்றும் வந்துவிட்டன. சென்னை ராஜ்யத்திலும் 1955-இல் ஒரு சங்கீத நாடகச் சங்கம் வந்தது. இன்றைய இயல் இசை நாடக மன்றம் அதன் தொடர்ச்சி. நாட்டில் சோற்றுக்குப் பஞ்சம் இருந்த காலம் அது.

அரண்மனை ஆதரித்தது சபையில் பாடியவர்களைத்தான், கடற்கரையில் ஆடியவர்களை இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஒயிலாட்டக்காரனுக்கும் முளைப்பாரிக் கும்மிக்கும் நாடகத்துக்கும் சோறு போட்டது ஊர்தான். என் நோட்டின் இடது பக்கம்தான். அந்த இடது பக்கத்தைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விவரமாகவே பேச வேண்டும், ஏனென்றால் “ஊரே கொடுக்கட்டுமே, அரசு எதற்கு?” என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி.

ஊர் வரி கடலிலிருந்து வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் பாதி இந்த மாதங்களில்தான் வருகின்றன. ஆட்கள் கரையில் இருப்பார்கள், கை வெறுங்கையாக இருக்கும். தடைக்காலத்துக்கு முந்தைய மாதங்களில் சேர்த்ததிலிருந்துதான் வரி கட்ட வேண்டும். அந்த மாதங்களில் ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகு ஒன்று திரும்பவில்லை என்றால், போனது சம்மாட்டியின் முதல் மட்டும் இல்லை, அந்தப் படகில் வேலை பார்த்த ஐந்தாறு வீட்டு வரியும் போச்சு. நாட்டுப்படகுக்காரன் நிலைமை வேறு மாதிரி. தடை அவனுக்கு இல்லை, ஆனால் கரையோரத்தில் மீன் குறைந்துவிட்டது. ஐஸ் விலை, மண்ணெண்ணெய் விலை, வலை விலை எல்லாம் கழித்தால் பல நாள் விலை போகாத பொடிமீனான சங்காயம்தான் மிச்சம். இதெல்லாம் என் பகல் நேரக் கணக்கில் பார்க்கிற எண்கள். அவைதான் ராத்திரிக் கணக்கில் ‘நாடகம்’ என்ற வரியை அடிக்க வைக்கின்றன. ஊருக்கு மனசு இல்லாமல் போகவில்லை. முடியவில்லை. ஊரால் முடியாத வருடத்தில் தாங்கிப் பிடிக்கத்தான் அரசு.

நாடகம் நின்றால் நடிகர் மட்டும் வீட்டில் உட்காருவதில்லை. வேன் டிரைவர், மைக் செட்காரர், சீன் கட்டுகிறவர், உடுப்பு வாடகைக்கு விடுகிறவர், விடிய விடியச் சுக்குக் காப்பி விற்கும் அம்மா, வளையல் கடை, பஞ்சு மிட்டாய், எல்லோருக்கும் அன்றைய ராத்திரி போய்விடும்.

ராமநாதபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருப்பது உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் இப்படி 17 பள்ளிகள். குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று மூன்று வருடப் படிப்பு. நாதசுரமும் தவிலும் தேவாரமும் படிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். இந்த ஒரு விதியை எழுதியவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான். அவன் அப்பாவோடு வத்தை என்ற சின்னப் படகில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தான். திருவிழாவில் தவில்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டதைப் பார்த்துவிட்டு யாரோ விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தார்கள். இப்போது காலையில் பஸ் ஏறிப் போகிறான். சாயங்காலம் ஐஸ் ஷெட் பின்னால் உட்கார்ந்து சாதகம். ஒருநாள் விரல்களுக்குக் கூடு கட்டிக்கொண்டிருந்தான். துணி நாடாவைப் பசையில் முக்கி, விரல் நுனியில் சுற்றிச் சுற்றி, காயவைக்கிறான். காய்ந்ததும் கல் மாதிரி ஆகிவிடும், அதை மாட்டிக்கொண்டுதான் தவிலை அடிக்க வேண்டும். வலை பின்னிப் பழகிய கை. நூல் சுற்றுவதில் ஒரு பிசிறு இல்லை. “ஈரக் காத்துல தோல் தொய்ஞ்சிருது சித்தப்பா, வார இழுத்து இழுத்துக் கட்ட வேண்டியிருக்கு” என்றான். வாரை இழுத்துக் கட்டி ஒரு தட்டு தட்டினான். ஷெட்டுக்குள் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பையனுக்குப் பணம் கட்டித் தனியாகப் படிக்க வழியில்லை. சிறிய ஊக்கத்தொகையும் பஸ் சலுகையும் இல்லாமல் மூன்று வருடம் வீட்டில் விடமாட்டார்கள். ஒரு வாத்தியார் பணியிடம் ஒரு வருடம் காலியாகக் கிடந்தாலே போதும், அவன் மறுபடி கடலுக்குப் போய்விடுவான். மூன்று வருடப் படிப்பில் ஒரு வருடம் என்பது மூன்றில் ஒரு பங்கு. சாலைப் பணியை ஒரு வருடம் தள்ளிப்போட்டால் அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம். பதினாறு வயதுப் பையன் கை அடுத்த வருடம் அப்படியே இருக்காது.

மாநில அரசு இந்தக் கடற்கரையை மறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். 2025-26 நிதிநிலை அறிக்கையில் ராமநாதபுரத்தில் 21 கோடி ரூபாயில் நாவாய் அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று அறிவித்தார்கள். அழகன்குளத்து மண்ணுக்குள் ரோமாபுரிப் பானை ஓடு கிடைத்த சீமைக்கு அது வரவேண்டியதுதான். மனசார வரவேற்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே தோணி இருக்கும், நங்கூரம் இருக்கும், பாய்மரம் இருக்கும். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு எங்கே இருக்கும்?

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கரைவலைக்கு முப்பது நாற்பது பேர் நிற்பார்கள். முன்னால் நிற்கிறவர் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கிக்கொண்டு ஒரே இழுப்பு. பாட்டு தப்பினால் இழுப்பு தப்பும், வலை ஒரு பக்கம் சாயும். மடியில் மீன் கனம் தெரியத் தெரியப் பாட்டின் வேகம் கூடும். இன்றைக்கு அந்த அடிகளை முழுசாகத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் மூன்று பேர். மூவருக்கும் எழுபதுக்கு மேல். அவர்களைக் குரல்பதிவு செய்து கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒலிக்க விடலாம், அதுவும் நல்லதுதான். ஆனால் வாரத்தில் இரண்டு சாயங்காலம் பத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் சொல்லிக்கொடுக்க ஒரு மதிப்பூதியம் கொடுத்தால் பாட்டு கரையிலேயே இருக்கும். 21 கோடியில் அது ஒரு துளி.

இனி நீங்கள் சொல்லக்கூடிய பதிலுக்கு வருகிறேன். புயல் வருகிறது, வெள்ளம் வருகிறது, ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டும், மீனவர் நிவாரணம் வேண்டும், இதில் பாட்டுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மீனவனுக்குப் போகும் ஒரு ரூபாயைக்கூட எடுத்துக் கலைஞனுக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் கரையில் இவர்கள் இரண்டு ஆள் இல்லை. ஒயில் ஆடுகிறவன் விடிகாலையில் வலையோடு போகிறான். கும்மி கொட்டுகிற அக்கா பகலில் கருவாடு காயப்போடுகிறாள். நிவாரணமும் வேண்டும், நாடகமும் வேண்டும் என்று கேட்பது ஒரே குடும்பம்.

நெருக்கடி காலத்தில் வேறு நாடுகளும் இரண்டு விதமாக நடந்திருக்கின்றன. 1940-இல் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் அரசு இசைக்கும் கலைக்கும் என்று ஒரு குழுவுக்குப் பணம் கொடுத்தது. பாடகர்களும் நாடகக்காரர்களும் ஊர் ஊராகப் போனார்கள். போர் முடிந்ததும் 1946-இல் அதுவே ஆர்ட்ஸ் கவுன்சில் ஆனது. அதே நாடு 2010-இல், போர் எதுவும் வாசலில் நிற்காத காலத்தில், இங்கிலாந்து ஆர்ட்ஸ் கவுன்சிலுக்கான பணத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதத்தை வெட்டியது. பெர்லின் நகரம் 2025-க்கான பட்ஜெட்டில் பண்பாட்டிலிருந்து சுமார் 13 கோடி யூரோவை எடுத்தது. அமெரிக்காவில் 2025-இல் கலைகளுக்கான தேசிய நிதியம் கொடுப்பதாகச் சொன்ன மானியங்களை நடுவிலேயே ரத்து செய்தது. அங்கே ஒரு நாடகக் கொட்டகை மூடினால் பணக்காரர் யாராவது நன்கொடை கொடுக்க வாய்ப்பு உண்டு. திருப்பாலைக்குடியில் ஒயிலாட்டக் குழுவுக்கு எந்தக் கம்பெனி விளம்பரப் பலகை வைக்கும்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கலைஞர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கிறோமே, டெங்கு விழிப்புணர்வு, வாக்காளர் விழிப்புணர்வு, போதை ஒழிப்பு என்று அழைக்கிறோமே என்பீர்கள். நன்றி. அது கூலி, கிடைப்பது நல்லது. ஆனால் கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கொசு மருந்து பற்றிப் பாடச் சொல்வது கரகத்துக்குச் செய்யும் ஆதரவு ஆகாது. அது சுகாதாரத் துறைச் செலவு, அங்கே எழுதுங்கள். விருதுகளும் அப்படித்தான். பொன்னாடை போர்த்துகிற கை, வாத்தியார் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு என்ன பாட வேண்டும் என்று சொல்லாமலும் இருக்க வேண்டும். சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் தன்னை ஆதரித்த அபுல் காசிம் மரக்காயரைப் புகழ்ந்த பாட்டுகள் உண்டு. புகழ வேண்டும் என்று தோன்றியதால் புகழ்ந்தார்.

நான் கேட்பது என்ன என்றால், முதலில், இசைப்பள்ளிகளில் ஒருவர் ஓய்வுபெறும் நாளைக்கு முன்பே அடுத்தவரைத் தேடும் வேலை தொடங்க வேண்டும். அது பட்ஜெட் எண்ணைவிட நிர்வாகத்தின் அக்கறை சார்ந்தது. உதவித்தொகையை வருடா வருடம் விலைவாசியோடு சேர்த்து உயர்த்துங்கள். அகவிலைப்படியை அரசு ஊழியருக்குக் கணக்குப் போட்டுத் தருகிறீர்கள், கணக்கு முறை உங்களிடமே இருக்கிறது. சான்று கேட்கும்போது, நாடக நோட்டீசும் ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்தும் போதும் என்று ஒரு வரி உத்தரவு போடுங்கள். அப்பாவைப் போல வாசித்தே வாழ்ந்தவர்களிடம் வேறு என்ன காகிதம் இருக்கும்? தடைக்காலத் திருவிழாக்களில், ஊர் பாதி போட்டால் அரசு பாதி என்று கடற்கரைக் கிராமங்களுக்கு ஒரு சிறு திட்டம் வையுங்கள். ‘சங்கமம்’ விழாவைச் சென்னையில் சிறப்பாக நடத்துகிறீர்கள். எங்கள் பக்கத்து ஆட்டக்காரன் அங்கே வந்து ஆடுவதில் பெருமைதான். அவன் சொந்த ஊரில் ஆட மேடை இருந்தால்தான் அங்கே வருவதற்கு அவன் ஆட்டக்காரனாக மிஞ்சியிருப்பான்.

சட்டமன்ற உறுப்பினர்கள் நால்வருக்கும் தனியாக ஒரு வார்த்தை. கலை பண்பாட்டுத் துறை மானியக் கோரிக்கை அவைக்கு வரும் நாளில், நீங்கள் நாலு பேரும் இருக்கையில் இருந்து, மூன்று எண்களையும் கேளுங்கள். ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, ராமநாதபுரம் மாவட்டத்தில் கலைஞன் கையில் சேர்ந்தது எவ்வளவு. பதிலை அவைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். உங்கள் கட்சி எது என்று நான் பார்க்கவில்லை. ஓட்டுக் கேட்டு எங்கள் ஊருக்கு வந்தபோது உங்கள் ஜீப்புக்கு முன்னால் ஆடிப் போனது எங்கள் ஒயிலாட்டக் குழுதான். அந்தப் பிள்ளைகளுக்காகக் கேளுங்கள்.

என்னிடம் இருபத்திரண்டு வருட நோட்டு இருக்கிறது. எந்த வருடம் மீன்பாடு குறைந்தது, எந்த வருடம் எந்த வரி அடிபட்டது, எந்தக் குழு வருவதை நிறுத்தியது, எல்லாம் தேதியோடு இருக்கிறது. துறையில் யாருக்காவது பயன்படும் என்றால் சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு நானே ராமநாதபுரத்துக்கு வருகிறேன். சென்னைக்கு வரச் சொன்னாலும் வருகிறேன். இந்த வருடம் கமிட்டி அடுத்த மாதம் கூடுகிறது. செலவுப் பக்கத்தில் ‘நாடகம்’ என்று மறுபடியும் எழுதிவிட்டேன். பையன் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அவன் முதல் வாசிப்பு நம்ம ஊர் மேடையில்தான் என்று சம்மாட்டியிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பெட்டிக்காரர் மகன்,
திருப்பாலைக்குடிக் கடற்கரை,
ராமநாதபுரம் மாவட்டம்.